ஊசிக்கு வழி காட்ட ரோபோ வந்துவிட்டது. ஸ்கேனுக்கு வழி காட்டுவது யார்?

‘கல்லீரல் கட்டியை ரோபோ சுட்டெரிக்கிறது’ என்ற பாணியில் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு என் தாத்தாவின் நினைவு வந்துவிடும். கேரி தீவுச் செம்பனைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் குலை வெட்டியவர். நான் நான்காம் படிவத்தில் இருந்தபோது அவருக்கு வயிறு உப்பி, கண் மஞ்சளானது. ஓர் அரசாங்க மருத்துவமனையில் சேர்த்தோம். சி.டி. ஸ்கேனில் தெரிந்த கட்டி ஆரஞ்சுப் பழ அளவு இருந்தது. “கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தால்…” என்று தொடங்கிய மருத்துவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. மூன்று மாதத்தில் தாத்தா போய்விட்டார்.

இப்போது பல்கலைக்கழகத்தில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அந்த ரோபோ உண்மையில் என்ன செய்கிறது என்று தேடிப் படித்தபோது, அது தூர தேசத்துக் கதை அல்ல என்று தெரிந்தது. இயந்திரத்தை உருவாக்கியது சென்னையில் 2005-இல் தொடங்கப்பட்ட பெர்பிண்ட் ஹெல்த்கேர் நிறுவனம். அதை நோயாளிகளிடம் பயன்படுத்தி ஆய்வு செய்தது நம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பஸ்ரி ஜொஹான் ஜீத் அப்துல்லாவின் குழு. மருத்துவர்களோடு மருத்துவ இயற்பியலாளர்களும் அதில் இருந்தார்கள். அவர்களுடைய முதல் அனுபவ அறிக்கை 2014-இல் ‘ஐரோப்பியன் ரேடியாலஜி’ ஆய்விதழில் வெளிவந்தது.

சிகிச்சையின் அடிப்படை ஐந்தாம் படிவ இயற்பியல்தான். வயிற்றைத் திறக்காமல், தோல் வழியாக ஒரு மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்துகிறார்கள். நோயாளியின் தொடையில் உலோகப் பட்டைகளை ஒட்டி மின்சுற்றை முழுமையாக்குகிறார்கள். பிறகு விநாடிக்குச் சில லட்சம் முறை திசை மாறும் மின்னோட்டத்தைச் செலுத்தினால், ஊசி முனையைச் சுற்றியுள்ள அயனிகள் இங்குமங்கும் அலைந்து உரசி வெப்பம் உண்டாகிறது. 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் செல்கள் உடனே செத்துவிடும். வெப்பத்தை வரம்பில்லாமல் ஏற்றவும் முடியாது. 100 டிகிரியைத் தாண்டினால் திசு கருகி, மின்தடை கூடி, வெப்பம் மேலும் பரவாமல் நின்றுவிடும். பக்கத்தில் பெரிய இரத்தக்குழாய் இருந்தால் ஓடும் இரத்தம் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போய்விடும்.

ஆக, ஊசி சரியான இடத்தில் நிற்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வழக்கமான முறையில் மருத்துவர் சி.டி. படத்தைப் பார்த்து, தோலில் குறி வைத்து, கோணத்தை மனத்தில் கணக்கிட்டு, ஊசியைக் கொஞ்சம் செலுத்துவார்; மறுபடி ஸ்கேன் எடுப்பார்; திருத்துவார். கட்டி விலா எலும்புகளுக்கு அடியில் ஒளிந்திருந்தால் ஊசி இரண்டு தளங்களிலும் சாய்ந்து போக வேண்டும். போதாததற்கு, மூச்சு விடும்போதெல்லாம் கல்லீரல் மேலும் கீழும் நகர்கிறது. ரோபோ செய்வது இந்தக் கோணக் கணக்கைத்தான். மருத்துவர் படத்தில் நுழையும் இடத்தையும் சேர வேண்டிய இடத்தையும் குறித்தால், இயந்திரக் கை மேசையருகே வந்து அந்தக் கோணத்தில் வழிகாட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஊசியை உள்ளே தள்ளுவது மருத்துவரின் கைதான். ‘ரோபோ சுட்டெரிக்கிறது’ என்ற தலைப்பில் பாதி உண்மைகூட இல்லை.

என்னைக் கவர்ந்தது அதே குழு 2015-இல் வெளியிட்ட இரண்டாவது கட்டுரை. ரோபோவின் உதவியோடு 20 பேரின் 40 கட்டிகளுக்குச் சிகிச்சை அளித்தார்கள். எல்லாமே வெற்றிகரமாக முடிந்தன. சிகிச்சையால் சிக்கல் எதுவும் இல்லை. ஊசியைத் திருத்தி வைக்க வேண்டிவந்தது சராசரியாக 0.8 முறை மட்டுமே. ஸ்கேன் குறைவதால் கதிர்வீச்சும் குறையும் என்றுதானே நாம் எதிர்பார்ப்போம்? ரோபோ இல்லாமல் சிகிச்சை பெற்ற 30 பேரோடு ஒப்பிட்டார்கள். புள்ளியியல் முறைப்படி குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதையும் அப்படியே எழுதி வெளியிட்டார்கள். எஸ்.பி.எம். கணிதத்தில் புள்ளியியல் பாடத்தைக் கொட்டாவி விட்டுக்கொண்டே கடந்தவன் நான். அது எதற்குப் பயன்படும் என்று அப்போது யாராவது இந்தக் கட்டுரையைக் காட்டியிருந்தால் விழித்திருப்பேன்.

ஆனால் இந்தச் சிகிச்சைக்கு ஒரு நிபந்தனை உண்டு. கட்டி சிறியதாக இருக்க வேண்டும். 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான் இந்த முறை நன்றாகப் பலன் தரும். ஆரஞ்சுப் பழ அளவு வளர்ந்த பிறகு, சென்னையின் ரோபோவும் கோலாலம்பூரின் நிபுணரும் சேர்ந்து வந்தாலும் அதிகம் செய்வதற்கில்லை. அந்த அளவிலுள்ள கட்டி வலிக்காது, மஞ்சள் காமாலையும் காட்டாது. தேடினால்தான் கிடைக்கும். தேடும் கருவியோ மிகச் சாதாரணமானது: அல்ட்ராசவுண்ட். கல்லீரல் சுருங்கிக் கெட்டியானவர்களுக்கும், ஹெப்படைடிஸ் பி கிருமி உடலில் தங்கிவிட்ட நாற்பது வயது தாண்டிய ஆண்களுக்கும் ஆறு மாதத்திற்கு ஒருமுறை இந்த ஸ்கேன் எடுக்கச் சொல்கின்றன அனைத்துலக மருத்துவ வழிகாட்டிகள். கதிர்வீச்சு இல்லை; வலி இல்லை.

நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கு 1989 முதல் ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி போடுகிறார்கள். இதைப் படிக்கும் மாணவர்களில் பெரும்பாலோர் போட்டிருப்பீர்கள். நம் பெற்றோர் அப்படி அல்ல. அவர்கள் பிறந்தபோது அந்தத் திட்டமே இல்லை. தோட்டப்புறங்களில் சம்சு குடித்துக் கல்லீரலைக் கெடுத்துக்கொண்ட தலைமுறை ஒன்று இருந்தது. இப்போது நீரிழிவோடு சேர்ந்து வரும் கொழுப்புக் கல்லீரலும் அந்த வரிசையில் இருக்கிறது.

2023 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்ட சுகாதார வெள்ளை அறிக்கை, நோய் வந்த பின் மருத்துவம் பார்ப்பதைவிட வருமுன் காப்பதற்கும் அடிப்படைச் சுகாதாரச் சேவைக்கும் முக்கியத்துவம் தர வேண்டும் என்கிறது. நல்ல நோக்கம்தான். என் பார்வையில், இந்தத் துறையில் அதை அளக்கும் அளவுகோல் எத்தனை ரோபோ வாங்கினோம் என்பது அல்ல. ஆபத்தில் உள்ளவரின் பெயர் ஒரு பட்டியலில் இருக்கிறதா, ஆறு மாதம் கழித்து அவர் வராவிட்டால் யாராவது தொலைபேசியில் அழைக்கிறார்களா என்பதுதான். அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்கக் கட்டணம் 5 ரிங்கிட். தீவிலிருந்து பாலம் தாண்டி பந்திங்குக்கோ கிள்ளானுக்கோ போய்வரச் செலவாவது ஒரு முழு நாள். நாள் சம்பளக்காரருக்கு அந்த நாளின் விலை 5 ரிங்கிட் அல்ல. சுகாதாரக் கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கு அல்ட்ராசவுண்ட் பார்க்கிறார்களே, அதே இடத்தில் கல்லீரலையும் பார்க்கப் பயிற்சி பெற்ற ஒருவரை மாதம் ஒருநாள் அனுப்ப முடியாதா? எனக்குத் தெரிந்தவரை, இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. ஆள்தான் தேவை.

அந்த ஆள் யார் என்பது எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடித்தவர்கள் யோசிக்க வேண்டியது. நம் வீடுகளில் மருத்துவம் என்றால் டாக்டர், தவறினால் தாதியர், அவ்வளவுதான். படத்தை எடுக்கும் ரேடியோகிராபர், கதிர்வீச்சின் அளவைக் கணக்கிடும் மருத்துவ இயற்பியலாளர், இயந்திரத்தைப் பராமரிக்கும் பொறியாளர் என்ற வேலைகள் இருப்பதே பலருக்குத் தெரியாது. நானே பல்கலைக்கழகம் போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ இயற்பியலில் முதுகலைப் படிப்பே இருக்கிறது. பட்டம் முடித்ததும் அதற்கு விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறேன். ‘அது என்ன வேலை, சம்பளம் வருமா?’ என்று அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

தாத்தா இறந்த பிறகு, மருத்துவர் சொன்னபடி வீட்டில் எல்லாரும் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டோம். மாமாவுக்கு ஹெப்படைடிஸ் பி இருந்தது. அவருக்கு வயது நாற்பத்து மூன்று. செம்பனை ஆலைக்கு லோரி ஓட்டுகிறார். போன முறை ஸ்கேன் நாளில் லோடு இருக்கிறது என்று போகவில்லை. அடுத்த தேதி வரும் செவ்வாய்க்கிழமை. அன்று காலை எனக்கு ஆய்வுக்கூட வகுப்பு. விரிவுரையாளரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். மாமாவை நான்தான் அழைத்துக்கொண்டு போகிறேன்.