ஒரு பெயரில் மூன்று குரல்

மெல் பிளாங்கை ‘ஆயிரம் குரல் மனிதர்’ என்று அமெரிக்காவில் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன் படங்களில் பக்ஸ் பன்னி என்ற முயலும், டாஃபி என்ற வாத்தும், 1937 முதல் போர்க்கி என்ற பன்றியும் பேசியது அவர் தொண்டையிலிருந்துதான். மகா கலைஞர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 1940-களின் நடுவிலிருந்து அந்தப் படங்களின் ஆரம்பத்தில் ‘குரல்: மெல் பிளாங்க்’ என்று ஒற்றை வரி வருகிறதே, அது பல படங்களில் பச்சைப் பொய்.

முயலைத் துப்பாக்கியோடு துரத்தும் எல்மர் ஃபட் என்ற மொட்டைத்தலை வேட்டைக்காரரை நினைத்துப் பாருங்கள். ‘ர’வும் ‘ல’வும் அவர் நாக்கில் ஏறாது, இரண்டையும் குழந்தை மாதிரி ‘வ’ ஆக்கிவிடுவார். அந்தக் குரல் ஆர்தர் கியூ. பிரையன் என்ற வானொலி நடிகருடையது. 1940-லிருந்து 1959-ல் கண்ணை மூடும்வரை அவர்தான் எல்மர். அதற்காகத் திரையில் அவர் பெயரைப் போட்டார்களா? இல்லை. 1950-களில் ட்வீட்டி குருவியை வளர்க்கும் பாட்டியாகப் பேசிய பீ பெனாடரெட் அம்மையாருக்கும் இதே கதிதான்.

காரணத்தைப் பிளாங்கே சொல்லியிருக்கிறார். சம்பளத்தை உயர்த்தும்படி கேட்டாராம். ஸ்டூடியோ முதலாளி லியோன் ஷ்லெசிங்கர் மறுத்துவிட்டார். சரி, பெயரையாவது போடுங்கள் என்றார் இவர். முதலாளி உடனே சம்மதித்தார். ஏன் சம்மதிக்க மாட்டார்? பெயர் எழுத என்ன செலவு? தன் பணப்பெட்டியைத் திறக்காமலே, மற்றவர்களுக்குச் சேர வேண்டிய புகழை எடுத்து ஒருவருக்குப் படியளந்துவிட்டார். பிளாங்க்மேல் எனக்குக் கோபமில்லை. உழைத்தவர் கூலி கேட்டார். கொடுத்தவன் எதிலிருந்து கொடுத்தான் என்பதுதான் என் கேள்வி.

‘அந்தக் காலத்து வழக்கம் ஐயா’ என்று சமாதானம் சொல்வார்கள். டிஸ்னியின் 1937 ‘ஸ்நோ ஒயிட்’டில் கதாநாயகிக்காகப் பேசிப் பாடிய அட்ரியானா காஸலோட்டியின் பெயர் இல்லை, அதில் குரல் கொடுத்த யாருடைய பெயருமே இல்லை. அதைக் கஞ்சத்தனம் என்று விட்டுவிடலாம். மூன்று பேர் பேசிய படத்தில் ஒருவர் பெயரை மட்டும் எழுதுவதை என்னவென்று சொல்வது? வழக்கம் என்ற வாதமும் நிற்காது. 1957-ல் அதே ஸ்டூடியோ ‘த்ரீ லிட்டில் பாப்ஸ்’ படத்தில் ஸ்டான் ஃப்ரீபெர்க் பெயரைப் போட்டதே! அதில் பிளாங்க் பேசவில்லை, அவ்வளவுதான்.

அதே ஆண்டு வாக்னரின் ஓபராக்களைக் கேலி செய்து ‘வாட்ஸ் ஓபரா, டாக்?’ வந்தது. அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 1992-ல் இடம்பெற்ற படம். தலைக்கவசமும் ஈட்டியுமாக எல்மர் பாடுகிறாரே, அத்தனையும் பிரையன். சூறாவளியையும் பூகம்பத்தையும் ஏவிவிட்டுக் கடைசியில் நகரத்துப் புகைமூட்டத்தையும் கூப்பிட்டு எல்மர் ஒரு வார்த்தை அலறுவார். அந்த ஒரு வார்த்தை மட்டும் பிளாங்க். பெயர் யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

‘பிளாங்க் நூறு வேஷம் போட்டார், பிரையன் ஒன்றுதானே?’ என்கிறீர்களா? ஏமாறுகிறவன் உண்மையாக ஏமாறினால்தான் ஏமாற்றுகிறவனின் சாமர்த்தியம் எடுபடும். எல்மரின் அந்த அப்பாவிக் குரலை எடுத்துவிட்டால் முயலின் குறும்பு வெறும் போக்கிரித்தனமாகிவிடும்.

பிரையன் மறைந்த பிறகு எல்மருக்கு ஹால் ஸ்மித் பேசினார். பின்னாளில் பிளாங்கே பேசினார். எல்மரைப் பொறுத்தவரை அந்த ஒற்றை வரி அப்போதுதான் உண்மையாயிற்று.