கருவறையில் தொடங்கும் ஆரோக்கியம்

இரண்டாம் உலக யுத்தத்தின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மானியப் படையினர் உணவு வரத்தைத் தடுத்தமையால் மேற்கு நெதர்லாந்து மக்கள் துலிப் கிழங்கையும் தின்று உயிர் தரிக்க நேர்ந்த கொடும்பஞ்சம், சில மாதங்களில் நீங்கிய போதிலும், அன்று கர்ப்பத்திலிருந்த சிசுக்களின் தேகத்தை விட்டு நீங்கவில்லை என்பதைப் பிற்கால ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் தாய் பட்டினி கிடந்த குழந்தைகள், பிறக்கையில் எடை குறையாதிருந்தும், நடுவயதில் இருதய நோய்க்கு அதிகமாக ஆளாயினர். கடைசி மாதங்களில் பட்டினிக்கு உட்பட்டவர்களோ எடை குறைந்து பிறந்து, பின்னாளில் இரத்தத்துச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் சக்தி குன்றினர்.

ஆகவே, நீரிழிவையும் மாரடைப்பையும் நோயாளியின் நடத்தைக் குற்றமாக மட்டுமே கருதுவது அநியாயம். முதல் மாதத்திலிருந்தே ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் போஷாக்கான ஆகாரம் கிடைக்கச் செய்வது, வருங்காலச் சந்ததிக்கு அரசாங்கங்கள் ஆற்றவேண்டிய தலையாய கடமையாகும்.