பின்பால் பெட்டி ஆய்வேடு ஆகாதா?

ஒரு பொருளைப் பற்றி எழுதியவருக்கு இந்தியப் பல்கலைக்கழகம் பட்டம் தருகிறது. அந்தப் பொருளைச் செய்தவருக்குக் கண்காட்சியில் ஒரு மேசை தருகிறது. இது இயல்பான ஏற்பாடுதான் என்று நம்புகிறவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். தில்லியில் ஒருவர் டிஜிட்டல் பின்பால் விளையாட்டொன்றைத் தானே வடிவமைத்து, நிரல் எழுதி, அதற்கான மரப்பெட்டியையும் தானே செய்து முடிக்க வேண்டுமென்றால் அவர் எவற்றையெல்லாம் அறிந்திருக்க வேண்டும்? அந்தப் பட்டியலை முழுமையாக எழுதிப் பார்த்தால், அதை வழிநடத்தும் தகுதி எந்தத் தனித் துறைக்கும் இல்லை என்பது விளங்கும்.

பின்பால் நமக்கு அயலானதன்று. ஆணி அடித்த பலகை, ஓரத்தில் ஸ்பிரிங் வைத்த கம்பி, உருளும் குண்டுகள்: பேகடெல் என்ற பெயரில் இந்திய வீடுகளில் கோடை விடுமுறைகளைக் கழித்த அதே விளையாட்டின் வழித்தோன்றல் அது. ஸ்பிரிங் கம்பியால் குண்டைச் செலுத்தும் முறைக்கு அமெரிக்காவில் மாண்டேக் ரெட்கிரேவ் 1871இல் காப்புரிமை பெற்றார். ஆடுபவரின் விரலுக்குக் கட்டுப்படும் ஃப்ளிப்பர்கள் 1947இல் காட்லீப் நிறுவனத்தின் ‘ஹம்ப்டி டம்ப்டி’ பொறியில் வந்து சேர்ந்தன. இன்றைய டிஜிட்டல் பெட்டியில் ஆணிப் பலகையின் இடத்தில் ஒரு தொலைக்காட்சித் திரை படுக்கை வாட்டில் கிடக்கிறது. தலைமாட்டில் இன்னொரு திரை நிற்கிறது. வயிற்றுக்குள் ஒரு கணினி இருக்கிறது. பக்கவாட்டுப் பொத்தான்களும் இழுத்துவிடும் கம்பியும் மட்டும் உண்மையானவை. குண்டு உண்மையன்று. ஆனால் ஆடுபவரின் கை அதை உண்மையென்று நம்ப வேண்டும்.

அந்த நம்பிக்கையை உண்டாக்குவதுதான் முழுச் சிக்கலும். வழக்கமான பின்பால் குண்டு சுமார் 27 மில்லிமீட்டர் விட்டமும் 80 கிராம் எடையும் கொண்டது. தளம் ஏறத்தாழ 6.5 பாகை சாய்ந்திருக்கும். வழுக்காமல் உருளும் திண்ம உருண்டைக்குப் புவியீர்ப்பின் சாய்தளக் கூறில் ஏழில் ஐந்து பங்கே முடுக்கமாகக் கிடைக்கும் என்பது இளநிலை இயற்பியல் பாடம். கணக்கிட்டால் நொடிக்கு நொடி 0.79 மீட்டர். இதுவரை எளிது. ஆனால் ஃப்ளிப்பரில் அடிபட்ட குண்டு நொடிக்கு 3 மீட்டர் விரைவில் பாய்கிறது என்று கொள்வோம். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் அது ஒரு சட்டகத்துக்கு 5 சென்டிமீட்டர் தாவும். அதாவது தன் விட்டத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. முதல் சட்டகத்தில் தடைக்கு இப்புறம், அடுத்ததில் அப்புறம். நடுவில் மோதல் நிகழ்ந்ததை நிரல் அறியவே அறியாது. காலத்தை ஆயிரத்தில் ஒரு நொடியாக நறுக்க வேண்டும்; அல்லது குண்டு கடந்த பாதை முழுவதையும் கணக்கில் எடுத்து மோதலைக் கண்டறிய வேண்டும். இது சிறுபிள்ளைச் சிக்கலன்று. இந்திய அலுவலகங்களிலும் இணைய மையங்களிலும் ஒரு தலைமுறையே ஆடிய ‘ஸ்பேஸ் கேடட்’ பின்பால் விண்டோஸ் விஸ்டாவில் காணாமற்போனதற்குக் காரணம், 64 பிட் கட்டமைப்புக்கு மாற்றியபோது குண்டு தடைகளை ஊடுருவிச் சென்றதுதான் என மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் எழுதியிருக்கிறார்.

அடுத்து மரம். பின்பால் ஆடத் தெரிந்தவர் பெட்டியை இலேசாக உந்துவார். அந்த உந்தலை உணர மரத்தில் ஒரு முடுக்கமானியைப் பொருத்துவார்கள். ஃப்ளிப்பர் அடிக்கும் அதிர்வைக் கைக்கு உணர்த்த அதே மரத்தில் சோலனாய்டுகளையும் பொருத்துவார்கள். விளைவு என்ன? சோலனாய்டு தட்டும் தட்டை ஆடுபவரின் உந்தல் என்று முடுக்கமானி தவறாகப் புரிந்துகொள்கிறது. யாரும் தொடாமலே குண்டு திசை மாறுகிறது. பிழை எங்கே இருக்கிறது? மூட்டுகளைத் தளரவிட்ட தச்சிலா, சமிக்ஞையை வடிகட்டாத நிரலிலா, உணரியைப் பொருத்திய இடத்திலா? மூன்றிலும் இருக்கிறது. தச்சர் ஒருவர், மின்னணுவியலாளர் ஒருவர், நிரலாளர் ஒருவர் எனப் பிரித்து வேலை கொடுத்தால் ஒவ்வொருவரும் தம் பகுதி சரியாகவே இருக்கிறது என்று சான்றளித்துவிட்டுப் போவார்கள். மூன்றையும் தன் கையால் செய்தவருக்கே அது ஒற்றைச் சிக்கலாகத் தெரியும்.

தனியாகச் செய்வதன் அறிவுப் பயன் இதுதான். தனிமேதை வழிபாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. 1978இல் வெளிவந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டைத் தோமோஹிரோ நிஷிகாதோ உருவாக்கியபோது வடிவமைப்பு, நிரல், வன்பொருள் அனைத்தையும் அவரே செய்தார். பில் பட்ஜ் தனியாளாக எழுதி 1983இல் வெளிவந்த ‘பின்பால் கன்ஸ்ட்ரக்‌ஷன் செட்’, ஆடுபவர்களே தத்தம் பின்பால் தளத்தை அமைத்துக்கொள்ள வழிவிட்டது. இருவரும் வானத்திலிருந்து குதித்தவர்களல்லர். பல எல்லைகளை ஒரே மனம் கடந்ததற்கான சான்றுகள். தில்லியில் அந்த வேலையில் இறங்குபவரும் உண்மையில் தனியாக இருப்பதில்லை. ஒட்டுப்பலகைக்குக் கீர்த்தி நகர், மின்னணு உறுப்புகளுக்குச் செங்கோட்டை எதிரிலுள்ள லாஜ்பத் ராய் சந்தை, வயருக்கும் விளக்குக்கும் பாகீரத் பேலஸ், கணினிக்கு நேரு பிளேஸ் என்று அலைய வேண்டும். அந்தக் கடைகளில் கிடைக்கும் அறிவுரைகளுக்கு மேற்கோள் வடிவம் எதையும் நம் ஆய்வு நெறிமுறைகள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

இங்கே மூன்று மறுப்புகள் எழும்.

முதலாவது, இது வெறும் ஜுகாட் என்பது. கிடைத்ததை வைத்து ஒப்பேற்றும் இந்தியத் திறமை என்று மேலாண்மை நூல்கள் கொண்டாடும் இச்சொல், பாராட்டு வேடமிட்ட இழிவு. ஒப்பேற்றினால் போதும் என்பவர் முடுக்கமானியைக் கழற்றி எறிந்துவிட்டு மேலே போயிருப்பார். அதிர்வின் வரைபடத்தை எடுத்து, உணரியை இடம் மாற்றி, மீண்டும் அளந்து பார்ப்பவர் செய்வது சோதனை. அதற்கு ஆங்கில ஆய்விதழில் ஒரு பெயர், தில்லிச் சந்தையில் வேறு பெயரா?

இரண்டாவது, விளையாட்டு எப்படி அறிவாகும் என்பது. நியூயார்க் நகரம் 1942இல் பின்பாலைச் சூதாட்டம் என்று தடைசெய்தது. 1976இல் ரோஜர் ஷார்ப் என்ற பத்திரிகையாளர் நகர மன்றக் குழுவின் முன் பொறியை ஆடிக்காட்டி, குண்டு எந்த வழியில் போகும் என்பதை முன்கூட்டியே சொல்லி அடித்தார், தடை நீங்கியது. சட்டமியற்றுபவர்கள் அன்று கேட்டது சான்று. சான்று கையிலிருந்து வந்தது. அவர்கள் அதை ஏற்றார்கள். நம் ஆய்வுக்குழுக்களால் அவ்வளவுகூட முடியாதா?

மூன்றாவது மறுப்பே கனமானது. தமிழர்கள் எழுப்ப வேண்டியதும் அதுதான். கைவேலையைக் கல்வி என்று புகழும் எவரும் 1953க்கு விடை சொல்லியாக வேண்டும். பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்ற ராஜாஜியின் திட்டத்தைக் குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார். 1954இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. அந்த எதிர்ப்பு முழுக்க நியாயமானது. 2023இல் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தச்சும் உண்டு, மரபுவழிப் பொம்மை செய்தலும் உண்டு. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்கவும் குறைந்தபட்ச வயதை 35 ஆக்கவும் தமிழ்நாடு கேட்டது. கிடைக்காதபோது அத்திட்டத்தை அதன் வடிவில் ஏற்க மறுத்து, சாதி பாராத வேறு திட்டத்தைத் தொடங்கியது. அதுவும் நியாயமே.

ஆனால் குலக்கல்வியின் தவறு கையை மதித்ததில் இல்லை. இன்னாரின் பிள்ளைக்கு இன்ன தொழில் என்று பிறப்பை வைத்துக் கையைத் தளையிட்டதில் இருக்கிறது. அதன் மறுபக்கத்தை நாம் கண்டுகொள்வதில்லை: எழுதும் கையையும் பிறப்பே நெடுங்காலம் தீர்மானித்தது. பொருளைச் செய்வது தாழ்ந்தது, பொருளைப் பற்றி எழுதுவது உயர்ந்தது என்ற ஆய்வேட்டு விதி அதே படிநிலையின் பல்கலைக்கழகப் பதிப்பு. குலக்கல்வியை உண்மையாக வெறுப்பவர், தச்சரின் பிள்ளை பேராசிரியராகும் உரிமையைக் கேட்பதோடு, பேராசிரியரின் பிள்ளை இழைப்புளி பிடித்து அதற்காக முனைவர் பட்டம் பெறும் நாளையும் கேட்க வேண்டும்.

2020ஆம் ஆண்டின் கல்விக் கொள்கை ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பத்து நாள் பையில்லாமல் தச்சரிடமும் குயவரிடமும் அனுப்பச் சொல்கிறது. பிள்ளைக்குப் பத்து நாள்; ஆய்வாளருக்கு ஒரு நாளும் இல்லை! 2021இல் கல்வி அமைச்சகம் டாய்க்கத்தான் போட்டி நடத்தியது. பொம்மை செய்தல் போட்டியாகலாம், மரபாகலாம், தொழில்முனைவாகலாம். ஆய்வு மட்டும் ஆகக் கூடாது. இதே தில்லியின் ஜாமியா மில்லியாவிலிருந்து சென்று 1937இல் ஆதாரக் கல்விக் குழுவுக்குத் தலைமை ஏற்ற ஜாகிர் உசேன், கைத்தொழிலின் வருமானப் பக்கத்தை அழுத்திக் கல்விப் பக்கத்தைப் பலியிடும் ஆபத்தைக் குழுவின் அறிக்கையிலேயே எச்சரித்தார். அந்த எச்சரிக்கையை இன்றைய தொழில்முனைவு மையங்களின் வாசலில் எழுதி வைக்கலாம்.

கோரிக்கைகள் மிகையானவையல்ல. செய்பொருளும், அதன் வரைபடங்களும் நிரலும், தோல்விகளின் நாட்குறிப்பும் சேர்ந்து ஆய்வேடாக ஏற்கப்பட வேண்டும். அவற்றைக் கொண்டு இன்னொருவர் அதே பெட்டியைச் செய்ய முடிவதே தகுதித் தேர்வாக இருக்கட்டும்; பல கட்டுரைகள் அந்தத் தேர்வில் தேறா. பட்டறைகள் வரலாறு, மொழியியல் மாணவர்களுக்கும் திறக்க வேண்டும். பட்டறைத் தொழில்நுட்பருக்கு இணை வழிகாட்டி என்ற பெயரும் அதற்குரிய ஊதியமும் வேண்டும். வாய்மொழித் தேர்வன்று புறத்தேர்வாளர் பெட்டியின் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். பிறகு கம்பியை இழுத்துவிட்டு ஒரு குண்டாவது ஆட வேண்டும். குண்டு ஃப்ளிப்பரை ஊடுருவிச் சென்றால் திருத்தி வரச் சொல்லட்டும். செல்லாவிட்டால் கையெழுத்திடட்டும்.