பரண் பக்கம்: பொம்மையைத் திருப்பிப் பாருங்கள்!

விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்துவிட்டால் கொலு முடிந்தது. மறுநாள் பழைய வேட்டியைக் கிழித்து, ஒவ்வொன்றாகச் சுற்றி, பெட்டியில் அடுக்கிப் பரணில் ஏற்றிவிடுவோம். இந்த வருஷம் அதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், தோழிகளே.

போன வாரம் ஒரு வாசகி எழுதியிருந்தார். மாமியாரின் ட்ரங்க் பெட்டியில் நாற்பதுக்கும் மேல் பொம்மைகள் இருக்கின்றனவாம். பழைய சாமான் வாங்குபவர் ஒருவர் மொத்தமாக ஒரு விலை சொல்கிறார். கணவரோ, “பெயின்ட் அடித்தால் புதுசாகிவிடுமே” என்கிறார். “எது பழசு, எது புதுசு என்றே தெரியவில்லை. என்ன செய்யட்டும்?” என்று கேட்டிருக்கிறார்.

இரண்டையும் இப்போதைக்குச் செய்ய வேண்டாம். முதலில் ஒரு நோட்டும் பென்சிலும் எடுங்கள்.

நான் பட்டதைச் சொல்கிறேன். என் பாட்டி கல்யாணத்துக்கு வந்த மரப்பாச்சி ஜோடிக்கு, பளபளப்பாக இருக்கட்டும் என்று நானே எனாமல் பெயின்ட் அடித்தேன். எத்தனையோ கைகள் தொட்டுத் தொட்டு வழுவழுப்பாகியிருந்த மரம் அதோடு மறைந்தது. சுரண்டி எடுக்கப் பார்த்தபோது ராணியின் மூக்கும் போயிற்று. அன்று முதல் பழைய பொம்மை எதற்கும் நான் வர்ணம் தொடுவதில்லை.

எதில் செய்தது?

பொம்மையின் முகத்தைப் பார்த்து வயதைச் சொல்ல முடியாது. ஒரே அச்சைத் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்துவார்கள். அதனால் திருப்பி, அடிப்பாகத்தைப் பாருங்கள். வர்ணம் படாத இடம் உண்மையைச் சொல்லும்.

அடியில் செம்மண் நிறம் தெரிந்து, கையில் கனத்தால் அது மண் பொம்மை. முன்பாதி, பின்பாதி என்று இரண்டு அச்சில் எடுத்து ஒட்டிய தடம் பக்கவாட்டில் தெரியலாம். பார்க்கப் பெரியதாக இருந்தும் தூக்கினால் லேசாக இருந்தால் காகிதக்கூழாக இருக்கலாம். உதிர்ந்த இடம் சாக்பீஸ் போல வெள்ளையாக இருந்தால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்.

மரப்பாச்சியைச் செம்மரத்தில் செய்வது வழக்கம். உருவத்துக்கு மீறிய கனம் இருக்கும். சாயம் பூசிய வேறு மரமும் கடைகளில் கிடைக்கிறது. பாதத்தடியில் தேய்ந்த இடம் வெளுப்பாகத் தெரிந்தால் அது சாயம். ஆந்திரத்துக் கொண்டபல்லி பொம்மை லேசான மரத்தில் செய்தது. கை, கால்களைத் தனியாகச் செதுக்கி ஒட்டியிருப்பார்கள். கர்நாடகத்துச் சென்னபட்டணா பொம்மை கடைசலில் உருட்டி, அரக்கு வர்ணம் ஏற்றியது. அதில் உருண்டை வடிவமும் மினுமினுப்பும் இருக்கும்.

மெல்லிய, உள்ளே வெற்றிடமான குழந்தை பொம்மை இருந்தால் லேசாக மோந்து பாருங்கள். கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு. அந்தப் பொருளைச் செய்யக் கற்பூரம் சேர்ப்பார்கள். ஜாக்கிரதை, சட்டென்று தீப்பிடிக்கும்! ஊசியைச் சுட்டுக் குத்திப் பார்க்கும் சோதனையெல்லாம் வேண்டாம். கொலுவிலும் விளக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

எப்போது செய்தது?

முதுகு, பாதம், பின்கழுத்து மூன்றிலும் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். 'மேட் இன் ஆக்குபைடு ஜப்பான்' என்று இருந்தால் அதிர்ஷ்டம்தான். இரண்டாம் உலகப்போருக்குப் பின், 1945 முதல் 1952 வரை, ஜப்பான் நேச நாடுகளின் பிடியில் இருந்தது. அந்த முத்திரை அந்தக் காலத்துக்கு உரியது.

தலைவர் பொம்மையின் கையில் கொடி இருக்கிறதா? அதில் அசோகச் சக்கரம் இருந்தால் 1947 ஜூலைக்கு முன் செய்திருக்க முடியாது. அந்த மாதம்தான் இப்போதைய தேசியக் கொடி ஏற்கப்பட்டது. ராட்டை இருந்தால் அதற்கு முந்தைய மாதிரி. ஆனால் அதே மாதிரியில் பிறகும் செய்திருக்கலாம் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

பொம்மை சுற்றிய பழைய செய்தித்தாளைக் கசக்கி எறியாதீர்கள். அதிலுள்ள தேதி பொம்மையின் வயது அல்ல. அந்தச் சுற்று பிரிக்கப்படாமலே இருந்திருந்தால், அந்தத் தேதியையொட்டியாவது பொம்மை வீட்டுக்கு வந்துவிட்டது என்று தெரியும்.

எப்படி எழுதி வைப்பது?

ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். முன்பக்கம், பின்பக்கம், அடிப்பாகம் என மூன்று போட்டோ. பிறகு நாலு வரி. என் நோட்டிலிருந்து ஒன்று:

“எண் 7. செட்டியார் பொம்மை. உயரம் 18 செ.மீ. மண், இரண்டு அச்சு. பழைய வர்ணம், வலது தோளில் உதிர்ந்திருக்கிறது. இடது கை ஒட்டவைத்தது. எழுத்து எதுவும் இல்லை. பாட்டியின் அக்கா கொடுத்தது என்று அம்மா சொன்னது.”

உடைந்ததையும் ஒட்டியதையும் மறைக்காமல் எழுதுங்கள். நாளைக்கு விற்பதானாலும், பேத்திக்குக் கொடுப்பதானாலும் அதுதான் நாணயம். ஈரத்துணியால் துடைக்காதீர்கள், பழைய வர்ணம் கையோடு வந்துவிடும். காய்ந்த மெல்லிய பிரஷ் போதும்.

கடிதம் எழுதிய தோழிக்கு இன்னொன்று. “மாமியாருக்கு இப்போது ஞாபகம் தப்புகிறது” என்று கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்த வரிதான் மனதில் நிற்கிறது. மண்ணா, மரமா என்பதை அடுத்த வருஷமும் பார்த்துக்கொள்ளலாம். யார் கொடுத்தார்கள், எந்த ஊரில் வாங்கியது, எந்தக் குழந்தை பிறந்த வருஷம் வந்தது என்பதெல்லாம் எந்தப் பொம்மையின் அடியிலும் எழுதியிருக்காது. அது அவரிடம் மட்டும்தான் இருக்கிறது.

இன்று சாயங்காலம் காபி கொடுத்துவிட்டு, ஒரே ஒரு பொம்மையை அவர் மடியில் வையுங்கள். “இது எப்ப வந்ததும்மா?” என்று கேளுங்கள். சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். முன்னுக்குப் பின் முரணாகச் சொன்னாலும் திருத்தாமல் எழுதுங்கள்.

பழைய சாமான்காரர் அடுத்த மாதமும் வருவார். அவருக்கு அப்புறம் பதில் சொல்லிக்கொள்ளலாம்.