படப்பெட்டியும் குடும்பப் படமும்

தனுவச்சபுரம், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் வாழும் நம் தமிழ்க் குடும்பத்து அன்பர்கள் அண்மைக் காலமாக ஒரே வினாவைப் பலவாறாகக் கேட்டு வருகின்றனர். “பிள்ளை துபாயிலிருந்து விடுமுறைக்கு வருகிறான்; நல்ல டிஜிட்டல் காமிரா ஒன்று வாங்கிவரச் சொல்லலாமா? எதை வாங்கினால் தகும்?” என்பது அவ்வினா. இத்திங்கள் அதனையே எடுத்துக்கொள்வோம்.

காமிராவின் விலையை ஆராயுமுன், படம் நமக்கு எதன்பொருட்டு வேண்டும் என்பதைத் தெளிதல் வேண்டும். 1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபொழுது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்தில் நின்றது. அண்ணன் வீடு குழித்துறையில், தங்கை வீடு பாறசாலையில், மகன் வீடு ஷார்ஜாவில் என்று பிரிந்து வாழும் குடும்பங்கள் நம்மிடையே உள. பேரக் குழந்தைகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் கல்வி பயில்கின்றனர். இத்தகைய வீட்டில் பழைய படம் வெறும் அலங்காரப் பொருள் அன்று. இன்னார் இன்னாருக்கு உறவு என்று சான்று கூறும் ஓலையாகும். புதுப்படம் எடுப்பதும், பழைய படத்தைக் காப்பதும் ஒரே கடமையின் இரு பகுதிகள் எனக் கொள்க.

எதை வாங்குவது?

1975ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்துப் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் முதல் டிஜிட்டல் காமிராவை அமைத்தார். அதில் இருந்த படப்புள்ளிகள் 10,000 மட்டுமே. ஒரு படத்தை நாடாவில் பதிய 23 விநாடிகள் ஆயின. இன்று எளிய கைப்பேசியிலும் ஒரு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள் உள்ளன. இப்பெருந்தொகையையே பெருமையாகக் கூறி விற்போரும் உளர். கணக்கிட்டுப் பார்த்தால் மயக்கம் தெளியும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற செறிவில், 6க்கு 4 அங்குலப் படம் அச்சிட 21 இலட்சத்து 60 ஆயிரம் புள்ளிகள் போதும். சுவரில் மாட்டும் 18க்கு 12 அங்குலப் பெரும்படத்துக்கும் ஏறத்தாழ 2 கோடிப் புள்ளிகளே வேண்டும். அதாவது, 20 மெகாபிக்சலுக்கு மேற்பட்டதற்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பயன் தருவதில்லை.

எண்ணிக்கையினும் முக்கியமானது ஒளியை வாங்கும் சென்சாரின் பரப்பு. சிறு கிண்ணத்தைவிடப் பெரிய அண்டாவில் மழைநீர் மிகுதியாக விழுவது போல, பரந்த சென்சாரில் ஒளி மிகுதியாக விழுகிறது. முழு அளவுச் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர். இடைத்தரமானது ஏறக்குறைய 24க்கு 16 மில்லிமீட்டர். கைப்பேசியினுடையதோ விரல் நகத்தினும் சிறிது. ஆதலின் பகலொளியில் எடுக்கும் படத்துக்குக் கைப்பேசியே போதும். மாலை மங்கலிலும், திருமண மண்டபத்திலும், பள்ளி நாடக மேடையிலும் எடுக்க விரும்புவோர்க்கே தனிக் காமிரா தேவையாகும். அவர்களுக்கும் இடைத்தரச் சென்சார் கொண்ட மிரர்லெஸ் அல்லது டி.எஸ்.எல்.ஆர். காமிரா ஒன்று நெடுங்காலம் உழைக்கும்.

பெட்டிக்குப் பெரும்பணமும் லென்ஸுக்குச் சிறுபணமும் செலவிடுதல் நம்மவரிடையே உள்ள வழக்கம். அதனை மாற்றிக்கொள்வது நன்று. காமிராவுடன் வரும் 18–55 மில்லிமீட்டர் லென்ஸ் அதன் நீண்ட முனையில் எஃப் 5.6 அளவுக்கே திறக்கும். எஃப் 1.8 அளவுக்குத் திறக்கும் லென்ஸ் அதைப்போல் 9 மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடும். மண்டபத்து மங்கிய விளக்கில் அசைவுறாத படம் பெற இதுவே வழி. நம் வீடுகளின் அறைகள் சிறியன ஆதலின், இடைத்தரச் சென்சாருக்கு 50 மில்லிமீட்டரினும் 35 மில்லிமீட்டர் லென்ஸே வசதியாக இருக்கும்.

பழைய காமிரா வாங்குவோர், லென்ஸின் ஒரு பக்கத்திலிருந்து டார்ச் விளக்கை அடித்து மறுபக்கம் நோக்குக. சிலந்தி நூல் போன்ற இழைகள் தென்படின் அது பூஞ்சை; விலை எத்துணைக் குறைவாயினும் வாங்க வேண்டா. வெளிநாட்டில் புதிதாக வாங்குவோர், அதன் உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்பதைப் பணம் கொடுக்குமுன் எழுத்தில் கேட்டுக்கொள்க.

அளவுகளை அமைக்கும் முறை

காமிராவில் திருகுகள் பல இருப்பினும், அறியவேண்டியவை மூன்றே. ஒளி நுழையும் துவாரம் ஒன்று, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் மற்றொன்று, ஐ.எஸ்.ஓ. எனும் உணர்திறன் மூன்றாவது. ஒருவரை மட்டும் எடுக்கும்பொழுது துவாரம் எஃப் 2.8 அளவில் இருக்கலாம். பின்புலம் மங்கி முகம் தெளிவாக நிற்கும். இரண்டு மூன்று வரிசைகளாகச் சுற்றத்தார் நிற்பின் எஃப் 5.6 முதல் எஃப் 8 வரை வைத்தால் பின்வரிசைத் தாத்தாவின் முகமும் தெளியும். நிற்கும் பெரியோர்க்கு விநாடியில் 125இல் ஒரு பங்கும், ஓடும் குழந்தைக்கு 500இல் ஒரு பங்கும் ஷட்டர் நேரமாகக் கொள்க. இவ்விரண்டையும் வைத்த பின்னும் படம் இருண்டால் ஐ.எஸ்.ஓ. அளவை 1600, 3200 என உயர்த்தத் தயங்க வேண்டா. சிறிது மணல் தூவியது போன்ற படத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். அசைந்து கலைந்த முகத்தை எந்த மருந்தாலும் சீராக்க இயலாது.

நம் பகுதிக்கே உரிய இடர் ஒன்று உண்டு. பாலராமபுரத்துக் கைத்தறியில் நெய்த, கசவுக் கரையிட்ட வெண்புடைவையும் வேட்டியும் அணிந்து எல்லோரும் நின்றால், படத்தில் வெண்மை சாம்பலாகத் தோன்றுகிறது. காமிரா தான் காணும் காட்சி முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கருதி ஒளியை அளப்பதே அதன் காரணம். ஒளித்திருத்தம் எனும் கூட்டல் கழித்தல் பொத்தானில் 0.7 முதல் 1 வரை கூட்டினால் துணி வெளுக்கும், முகமும் தெளியும். ஆயினும் மிகுதியாகக் கூட்டினால் கசவின் பொன்னிழை வெளுத்து மறைந்துவிடும். ஒரு படம் எடுத்துத் திரையில் பார்த்த பின் அளவை உறுதி செய்க.

உச்சிப்பொழுதில் நேர்வெயிலில் நிறுத்திப் படம் எடுத்தல் ஆகாது, கண்குழிகள் கருத்துவிடும். தென்னை நிழலில் நிறுத்தினால் முகத்தில் புள்ளி புள்ளியாக வெயில் விழும். வீட்டு முன்திண்ணையின் ஓரத்தில், வானத்தை நோக்கி நிற்கச் செய்து எடுக்கும் படமே இனிது அமையும்.

செங்கல் மகேஸ்வரம் கோயிலில் 111 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் சிவலிங்கத்தின் முன் நின்று படம் எடுக்காத குடும்பம் நம்மிடையே அரிது. அண்மையில் நின்று காமிராவை அண்ணாந்து பிடித்தால் அது பின்னோக்கிச் சாய்வது போலவும் உச்சி குறுகியது போலவும் தோன்றும். இயன்ற அளவு பின்னே சென்று, காமிராவை நேராகப் பிடித்து எடுத்துக் கீழ்ப்பகுதியைப் பின்னர் வெட்டி நீக்குவதே தகுந்த முறை.

மற்றொன்றும் மறவாதீர். காமிராவின் கடிகாரத்தைச் சரியாக வைத்துக்கொள்க. அமீரக நேரம் இந்திய நேரத்துக்கு ஒன்றரை மணி பின்தங்கியது. அங்கிருந்து கொண்டுவந்த காமிராவில் நேரத்தை மாற்றாமல் எடுத்தால், இருவர் எடுத்த திருமணப் படங்களை ஒன்றுசேர்க்கும்பொழுது தாலி கட்டியபின் மணமகன் அழைப்பு நிகழ்ந்ததாகக் கணினி வரிசைப்படுத்திவிடும்.

பழைய படத்தைப் பிரதி எடுத்தல்

தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களில் குவிந்து கிடந்த கண்ணாடித் தகடுகளும் பிலிம்களும் அழிந்து வருவதைக் கண்டு, புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த ஸோயி ஹெட்லி என்னும் ஆய்வாளரும் அவர்தம் குழுவினரும் பிரித்தானிய நூலகத்தின் துணையோடு அவற்றை டிஜிட்டல் பிரதிகளாக்கினர். நம் தாத்தா பாட்டியர் திரைச்சீலை முன் நின்று எடுத்துக்கொண்ட படங்கள் சமூக வரலாற்றுக்கு மூலங்கள் என்பதை அம்முயற்சி காட்டிற்று. பெரிய நிறுவனம் செய்த அப்பணியை நம் வீட்டளவில் நாமே செய்ய இயலும்.

படத்தை மேசையில் வைத்து, நேர்வெயில் படாத சன்னல் அருகே, காமிராவை முக்காலியில் படத்துக்கு நேர்மேலே சம தளமாக நிறுத்துக. பிளாஷ் கூடாது. ஐ.எஸ்.ஓ. 100, துவாரம் எஃப் 8 என அமைத்து, 2 விநாடித் தாமதத்தில் ஷட்டர் தானே இயங்கச் செய்க. ஸ்கேனர் உள்ளவர்கள் அங்குலத்துக்கு 600 புள்ளி என வைத்து எடுக்கலாம். பாஸ்போர்ட் அளவுச் சிறு படங்களுக்கு 1200 வேண்டும். சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை எக்காரணம் கொண்டும் உரிக்க வேண்டா. உரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே, பக்கவாட்டு ஒளியில், பிரதிபலிப்பு விழாதவாறு படம் எடுத்துக்கொள்க. படத்தின் பின்புறத்தில் ஸ்டூடியோ முத்திரையோ கையெழுத்தோ இருப்பின் அதனையும் தனியே எடுத்தல் வேண்டும்.

கணினியில் திருத்துதல்

திருத்தத்துக்குப் பெருந்தொகை கட்டி மென்பொருள் வாங்கவேண்டும் என்பதில்லை. கிம்ப், டார்க்டேபிள், ராதெரபீ, டிஜிகேம் ஆகியவை விலையின்றிக் கிடைப்பன. படம் எடுக்கும்பொழுதே ‘ரா’ என்னும் மூலக்கோப்பையும் சேர்த்துப் பதிந்தால், ஒளியையும் நிறத்தையும் பின்னர் திருத்த இடமிருக்கும். முதலில் கோணலை நிமிர்த்துக. பின் வேண்டாத ஓரத்தை வெட்டுக. அடுத்து ஒளி, அதன்பின் நிறம், இறுதியில் கூர்மை. இவ்வரிசை வேலையைக் குறைக்கும். ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் நுணுக்கம் சிறிது குறையும். எனவே மூலத்தைத் தொடாமல் நகலில் மட்டுமே திருத்துக.

1970களில் அச்சிட்ட வண்ணப்படங்கள் பெரும்பாலும் செம்மை படர்ந்து காணப்படுகின்றன. பெட்டிக்குள் இருந்தாலும் அவற்றிலுள்ள நீலப்பச்சைச் சாயம் விரைந்து மங்குவதே காரணம். கிம்ப் மென்பொருளில் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றையும் தனித்தனியே சரிசெய்யும் வளைகோட்டுக் கருவியால் இதனைப் பெரிதும் மீட்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. செயற்கை நுண்ணறிவு கொண்டு பழம்படத்தை ஒரு நொடியில் புதுப்பிக்கும் செயலிகள் இப்பொழுது மலிந்துள்ளன. மங்கிய முகத்தில் இல்லாத விவரத்தை அவை தாமாகக் கற்பித்து வரைகின்றன. கண் பெரிதாகும், பல் ஒழுங்காகும், அம்மைத் தழும்பு மறையும், பாட்டியின் இடத்தில் அழகிய அந்நியப் பெண் ஒருத்தி அமர்ந்திருப்பாள். பிள்ளைகள் விளையாட்டாகச் செய்து மகிழட்டும்; ஆனால் அப்படத்தை மூலத்தின் இடத்தில் வைத்தல் முன்னோர்க்குச் செய்யும் அநீதியாகும். மூலப்பிரதி தனியே இருக்கவேண்டும்.

காத்தலும் பெயர் எழுதுதலும்

தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் என்னும் இரு மழையும் பெறும் நம் நிலத்தில் பூஞ்சைக்கு விருந்து பஞ்சமில்லை. தோலுறையும் துணிப்பையும் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிகா ஜெல் பொட்டணம் இட்டு, ஈரப்பதமானி ஒன்றும் வைத்து, 40 முதல் 50 விழுக்காடு வரை ஈரம் இருக்குமாறு பார்த்துக்கொள்க. காமிராவை மாதம் ஒருமுறையேனும் வெளியே எடுத்துக் காற்றாடப் பயன்படுத்துதல் நன்று.

படக்கோப்புகளுக்கு மூன்று பிரதிகள் வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருக்கவேண்டும். அவற்றுள் ஒன்று வேறு ஊரில் இருக்கவேண்டும். இந்த மூன்றாவது விதி நமக்கு எளிது. ஊர் கடந்து வாழும் உறவினர் யாருக்குத்தான் இல்லை? ஒரு வன்தட்டு தனுவச்சபுரத்து வீட்டிலும், மற்றொன்று மகனிடத்திலும் இருக்கட்டும். கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் அளவற்ற இலவச இடம் தருவதை நிறுத்திவிட்டது. எனவே அதனை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது. வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் புள்ளிகள் சுருங்கும். ஆவணமாக அனுப்பினால் குறையாது சேரும்.

ஆயினும் பிரதி எத்தனை இருந்தென்ன? படத்தில் நிற்பவர் யார் என்று அறிந்தவர் மறைந்துவிட்டால், அப்படம் ஊமையாகிவிடும். எந்தக் காமிராவும் எந்த மென்பொருளும் அப்பெயரைத் திருப்பித் தாரா. ஆகவே இத்திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குக. வீட்டில் மூத்தவர் யாரோ அவர் அருகே பழைய படங்களோடு அமர்ந்து, ‘இவர் யார், எந்த ஊர், நமக்கு என்ன முறை’ என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். விடைகளைக் கைப்பேசியில் குரலாகப் பதிந்துகொள்ளுங்கள். பின்னர் டிஜிகேம் மென்பொருளில் அந்தந்தப் படத்தின் குறிப்பிடத்தில் தமிழிலேயே எழுதிவையுங்கள். அச்சுப்படமாயின் பின்புறத்து ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதுக. பேனா மை முகப்புக்கு ஊறிவரும்.

புதுக்காமிரா வரும் நாளில் வரட்டும். இவ்வேலைக்கு அதற்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. கேட்பதற்கு ஒருவரும் சொல்வதற்கு ஒருவரும் இருந்தால் போதும்.