இரத்த மாதிரி எடுக்கும் பணிக்குத் தனிப் பயிற்சியும் அரசுச் சான்றிதழும் கோரும் மனு

அனுப்புநர்:
திருவனந்தபுரத்தில் இரத்த மாதிரி எடுக்கும் பணியிலுள்ள தமிழ்ப் பணியாளர்களின் சங்கம்

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள், சுகாதாரம் மற்றும் குடும்பநலத் துறை, தலைமைச் செயலகம், திருவனந்தபுரம்

நகல்:
மருத்துவக் கல்வி இயக்குநர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்குத் தம் மொழியிலேயே எழுத 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. அதன்படி இம்மனுவைத் தமிழில் அளிக்கிறோம்.

மருத்துவக் கல்லூரி, எஸ்.ஏ.டி. மருத்துவமனை, ஆர்.சி.சி. புற்றுநோய் மையம், ஸ்ரீ சித்திரை மருத்துவ நிலையம் என எல்லாம் அடுத்தடுத்து இருக்கும் ஊர் இது. இவற்றை நம்பி வரும் நோயாளிகளுக்காகச் சுற்றிலும் தனியார் ஆய்வகங்கள் இயங்குகின்றன. பாறசாலை, களியக்காவிளைப் பக்கமிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களிடம் இரத்தம் எடுப்பவர்கள் எங்களில் பலர். இந்த வேலைக்கென்று ஒரு சான்றிதழ் எங்களில் பெரும்பாலோர் கையில் இல்லை. சீனியர் அக்கா ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியதே எங்கள் படிப்பு.

அது போதாது என்பதை நாங்களே சொல்கிறோம். ஊதா மூடிக் குழாயை முதலில் நிரப்பிவிட்டு அடுத்துச் சிவப்பு மூடிக் குழாயை மாட்டினால், முதல் குழாயின் இ.டி.டி.ஏ. துளி கலந்து பொட்டாசியம் கூடுதலாகவும் கால்சியம் குறைவாகவும் காட்டும். கையில் கட்டும் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டால் சில அளவுகள் மாறும். சிரிஞ்சை வேகமாக இழுத்தால் சிவப்பணு உடையும். இயந்திரம் எவ்வளவு விலை கூடியதானாலும் இந்தப் பிழைகளைத் திருத்தாது. டாக்டர் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் மருந்து எழுதுவார். கீமோ எடுத்து எடுத்து நரம்பு கெட்டியான ஒரு தாயின் கையைச் சூடுபடுத்தி, சிறிய பட்டர்ஃபிளை ஊசியால் ஒரே குத்தில் எடுப்பது தனித் திறமை. அதை யாரும் எங்களுக்கு முறையாகச் சொல்லித் தரவில்லை. இரண்டு மூன்று முறை குத்து வாங்கிய நோயாளிகளின் கையில்தான் கற்றோம். இதைச் சொல்ல எங்களுக்கு வேதனையாக இருக்கிறது.

இரத்தம் எடுக்கும் முறைகள் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2010இலேயே வழிகாட்டி வெளியிட்டது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் புதிதாக வருபவர் 40 மணி நேர வகுப்பும் 40 மணி நேரச் செய்முறையும் முடித்து, மேற்பார்வையில் 50 முறை நரம்பிலும் 10 முறை விரல் நுனியிலும் எடுத்துக் காட்டினால்தான் உரிமம் கிடைக்கும்.

இங்கே 2021ஆம் ஆண்டின் இணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் தேசிய ஆணையச் சட்டம், 2000 மணி நேரத்துக்குக் குறையாத, இரண்டு முதல் நான்கு ஆண்டுப் படிப்பு முடித்தவரையே இணை சுகாதாரப் பணியாளர் என்கிறது. மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்ப டிப்ளமோ (டி.எம்.எல்.டி.) படித்தவர்களுக்கு அது பொருந்தும்; அவர்கள் உரிமையில் நாங்கள் கை வைக்க நினைக்கவில்லை. ஆனால் ஆண்டுக்கணக்காக ஊசி பிடித்தும் அந்த டிப்ளமோ இல்லாதவர்கள் எங்கே போவது?

ஆகவே, மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ், அரசு மருத்துவக் கல்லூரிகளில், இரத்தம் எடுக்கும் பணிக்கான குறுகிய காலச் சான்றிதழ்ப் பயிற்சியைத் தொடங்க வேண்டும். மேற்பார்வையில் எத்தனை முறை எடுத்திருக்க வேண்டும் என்பதைப் பாடத்திட்டமே வரையறுக்க வேண்டும். ஏற்கெனவே பணியில் இருப்பவர்களை வெளியே தள்ளாமல், செய்முறைத் தேர்வு வைத்து முன்னனுபவத்தை அங்கீகரிக்க வேண்டும், பின்னர் டி.எம்.எல்.டி. சேர விரும்பினால் இந்தப் பயிற்சி நேரத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். தேர்வை மலையாளத்தோடு தமிழிலும் எழுத அனுமதிக்க வேண்டும். 2018ஆம் ஆண்டு கேரள மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் ஆய்வகங்களுக்கு வகுக்கும் தரநிலைகளில், வீட்டுக்குச் சென்று சாம்பிள் எடுப்பவர்களின் தகுதியும் இடம்பெற வேண்டும்.

இன்னொன்று, தள்ளிப்போட முடியாதது. நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி எங்கள் கையில் குத்திவிட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். பைக்கில் வீடு வீடாகப் போகும் ஒரு பையனுக்குக் குத்தினால் யாரிடம் போவான்? வேலை போய்விடுமோ என்று பயந்து சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறான். பணியில் சேரும்போதே ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் முதலாளி செலவில் போடப்பட வேண்டும். குத்துப்பட்டவர் எந்த ஆய்வகத்தைச் சேர்ந்தவரானாலும், அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் கேள்வி கேட்காமல் மருந்து தர உத்தரவிட வேண்டும். பயிற்சித் திட்டம் வரும்வரை காத்திராமல் இதை உடனே செய்யலாம்.

இவற்றை நேரில் விளக்க ஒரு நாள் ஒதுக்கித் தருமாறும், பாடத்திட்டக் குழு அமைக்கும்போது தினமும் ஊசி பிடிக்கும் பணியாளர் ஒருவரையாவது அதில் உறுப்பினராக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சங்கத்தின் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்

இடம்: திருவனந்தபுரம்