ஒரே கணினியில் இரண்டு எக்ஸ்ப்ளோரர்

ஒரு வலைப்பக்கத்தை எழுதுபவர் திரையில் தெரியப்போகும் தோற்றத்தை நேரடியாக உருவாக்குவதில்லை. இது தலைப்பு, இது பத்தி, இந்தப் பெட்டியின் அகலம் இவ்வளவு என்ற குறிப்புகளை அவர் எழுதிவைக்க, அவற்றைப் படித்துப் பக்கத்தை வரைவது வாசகரின் கணினியிலுள்ள உலாவிதான். ஒரே குறிப்பை இரண்டு உலாவிகள் இரண்டு விதமாகப் புரிந்துகொள்வது வழக்கம் என்பதாலும், ஒரே உலாவியின் அடுத்தடுத்த பதிப்புகளே ஒன்றோடொன்று முரண்படுவது உண்டு என்பதாலும், வெளியிடுவதற்கு முன் புழக்கத்திலுள்ள பதிப்புகள் ஒவ்வொன்றிலும் பக்கத்தைத் திறந்து பார்ப்பது இத்தொழிலின் அன்றாட வேலைகளுள் ஒன்றாயிற்று. இந்த எளிய வேலையை ஒரே கணினியில் செய்யவிடாமல் நெடுங்காலம் தடுத்து நின்றது, உலாவியை இயங்குதளத்தோடு பிணைத்த ஒரு வணிக முடிவு.

முரண்பாடு எத்தகையது என்பதற்குப் பெட்டிக் கணக்கு ஒன்றே போதும். பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மொழியின் விதிப்படி, ஒரு பெட்டிக்கு அகலம் 300 பிக்சல் என்று எழுதினால் அது உள்ளடக்கத்துக்கான அகலம். எழுத்துக்கும் கோட்டுக்கும் இடையே விடும் இடைவெளியான பேடிங் பக்கத்துக்கு 20, சுற்றியுள்ள கோடான பார்டர் பக்கத்துக்கு 5 என்றால், பெட்டி மொத்தமாக 350 பிக்சல் இடம் பிடிக்கும். மைக்ரோசாஃப்டின் உலாவியான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் 5, 5.5 ஆகிய பதிப்புகளோ இவையனைத்தையும் 300-க்குள்ளேயே அடக்கி, உள்ளடக்கத்துக்கு 250 மட்டுமே விட்டுவைத்தன. (அந்தத் தவறான கணக்கே மனித இயல்புக்குப் பொருத்தமானது என்று பலரும் முணுமுணுத்ததும், பின்னாளில் சிஎஸ்எஸ் அதை ஒரு விருப்பத் தேர்வாகவே ஏற்றுக்கொண்டதும் வேறு கதை.) 2001-இல் வந்த 6-ஆம் பதிப்பு, பக்கத்தின் முதல் வரியில் டாக்டைப் என்னும் அறிவிப்பு முறையாக இருந்தால் விதிப்படியும், இல்லாவிட்டால் பழைய வழக்கப்படியும் நடந்துகொண்டது. அது தனக்கென்று புதிய பிழைகளையும் கொண்டுவந்தது: இடப்பக்கம் மிதக்கவிட்ட பெட்டிக்கு இடப்புறத்தில் 10 பிக்சல் வெளியிடைவெளி கொடுத்தால் அதை 20 ஆக்கிவிடும், வரிசையாக நிற்க வேண்டிய மூன்று பத்திகளுள் கடைசிப் பத்தி இடமின்றிக் கீழே இறங்கிவிடும்.

ஆகவே 5.5, 6 ஆகிய இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தே தீர வேண்டியிருந்தது, அதற்குத்தான் வழியில்லை. நெட்ஸ்கேப், மொசில்லா, ஓபரா போன்றவற்றின் பல பதிப்புகளைத் தனித்தனி ஃபோல்டர்களில் நிறுவிக்கொள்ள முடிந்தது. எக்ஸ்ப்ளோரரின் வரையும் பொறியான எம்எஸ்ஹெச்டிஎம்எல் என்ற கோப்போ விண்டோஸின் சிஸ்டம் ஃபோல்டருக்குள் அமர்ந்து, வேறு பல நிரல்களுக்கும் பொதுவாகப் பணிசெய்ததால், புதிய பதிப்பை நிறுவிய கணமே பழையது மறைந்துவிடும். 1998-இல் அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கில், உலாவி விண்டோஸின் பிரிக்க முடியாத பகுதி என்றே மைக்ரோசாஃப்ட் வாதிட்டது. மிக அதிகமான சோதனை தேவைப்பட்ட உலாவியே சோதனைக்கு மிகக் குறைவாக இடம்கொடுத்தது என்ற நிலை இவ்வாறு உண்டாயிற்று.

2003-இல் ஜோ மடலோன் என்ற வடிவமைப்பாளர் கண்டறிந்து வெளியிட்ட உத்தி அந்த வாதத்தை வேடிக்கையாக்கியது. நிரலின் பெயரோடு லோக்கல் என்ற பின்னொட்டைச் சேர்த்து ஒரு வெற்றுக் கோப்பை நிரலின் அருகில் வைத்தால், அந்த நிரல் தனக்குத் தேவையான துணைக் கோப்புகளைச் சிஸ்டம் ஃபோல்டரில் தேடுவதற்கு முன் தன் சொந்த ஃபோல்டரிலேயே தேடும் என்ற வசதியை விண்டோஸ் ஏற்கெனவே கொண்டிருந்தது. பழைய எக்ஸ்ப்ளோரரின் சில கோப்புகளை மட்டும் பிரித்தெடுத்து இவ்வாறு ஒரு ஃபோல்டரில் வைத்ததும், 5.5 எழுந்து 6-இன் பக்கத்தில் நின்றது. இதே அடிப்படையில் மல்டிபிள் ஐஇ போன்ற தொகுப்புகள் வந்து உலகெங்கும் பரவின.

எனினும் எழுந்து நின்றது முழு உலாவி அன்று. பழைய பதிப்புகளுக்கு மட்டும் ஒட்டுவேலை செய்வதற்கு வடிவமைப்பாளர்கள் நம்பியிருந்த கருவி கண்டிஷனல் கமென்ட், அதாவது ‘எக்ஸ்ப்ளோரர் 7-க்குக் குறைந்த பதிப்பானால் இந்த ஸ்டைல் கோப்பையும் படி’ என்பது போன்ற நிபந்தனைக் குறிப்பு. தான் எத்தனையாவது பதிப்பு என்பதை உலாவி அதற்காக ரெஜிஸ்ட்ரி என்னும் விண்டோஸின் மையப் பதிவேட்டில் உள்ள வெர்ஷன் வெக்டர் என்ற இடத்தில் பார்த்துக்கொள்ளும். பதிவேடு கணினி முழுவதற்கும் ஒன்றுதான் என்பதால், 7 நிறுவப்பட்ட கணினியில் தனித்து இயங்கும் 6, பக்கத்தை 6-ஆகவே வரைந்துகொண்டு, கேட்டால் தன்னை 7 என்று சொல்லிக்கொள்ளும். ஒட்டுவேலைக் கோப்பு படிக்கப்படாது. மூன்றாம் பத்தி கீழே இறங்கியே கிடக்கும். உண்மையான வாசகர் எவரிடமும் இல்லாத ஒரு பிழையைத் தேடி வடிவமைப்பாளர் இரவெல்லாம் விழித்திருப்பார். பதிவேட்டிலிருந்து அந்தப் பதிவை நீக்கினால் இது தீரும் என்று பிறகு தெரியவந்தாலும், குக்கிகள் ஒழுங்காக வேலைசெய்யாமை போன்ற குறைகள் எஞ்சின. போலியானது அசலைப் போலத் தோன்றுகிற இடங்களில் அல்ல, மாறுபடுகிற இடங்களில்தான் சோதிப்பவரின் வேலையே இருக்கிறது என்பதால், இத்தகைய கருவிகளை முதல் பார்வைக்கு மட்டும் வைத்துக்கொள்வதே தகும்.

நேர்மையான தீர்வு மெய்நிகர் கணினியாக வந்தது. அதாவது, ஒரு கணினியின் நினைவகத்திலும் வட்டிலும் ஒரு பகுதியை ஒதுக்கி, அதற்குள் முழு இயங்குதளத்தையே வேறொரு கணினிபோல ஓட்டுவது. 7-ஆம் பதிப்பு வெளியான சில வாரங்களில், 2006 நவம்பர் இறுதியில், விண்டோஸ் எக்ஸ்பியையும் எக்ஸ்ப்ளோரர் 6-ஐயும் கொண்ட மெய்நிகர் வட்டு ஒன்றை மைக்ரோசாஃப்டே இலவசமாகக் கொடுத்தது. குறிப்பிட்ட நாளில் அது காலாவதியாகிவிடும். அக்காலத்துக் கணினிகளின் நினைவகத்தை விழுங்கி, முதன்மைக் கணினியையே தடுமாறவும் வைக்கும்.

இயங்குதளத்தையும் சேர்த்துச் சோதிப்பது வீண் ஆடம்பரம் அன்று என்பதைத் தமிழ்ப் பக்கங்கள் நன்கு காட்டின. ‘கொ’ என்ற எழுத்தைத் திரையில் வரைய, மெய்யெழுத்துக்கு முன்னும் பின்னும் குறிகளை அமைத்துத் தரும் யூனிஸ்கிரைப் என்ற பகுதி விண்டோஸில் உண்டு. எக்ஸ்பியில், கூட்டெழுத்து மொழிகளுக்கான ஆதரவை அமைப்புப் பகுதிக்குச் சென்று தனியாக இயக்காவிட்டாலும் எக்ஸ்ப்ளோரர் தமிழைச் சரியாகக் காட்டும். ஃபயர்பாக்ஸ் 2 குறிகளை இடம்மாற்றிக் காட்டும். இயக்கிய பிறகும், பத்தியின் இரு ஓரங்களையும் நேராக்கும் ஜஸ்டிஃபை கட்டளை இருந்தால் ஃபயர்பாக்ஸ் 2-இல் எழுத்துகள் உடைந்து சிதறும். 2008-இல் வந்த 3-ஆம் பதிப்பில்தான் இது தீர்ந்தது. அந்த ஆதரவு இயக்கப்பட்ட தம் கணினியை மட்டும் பார்த்தவருக்கு, குறிகள் இடம்மாறித் தெரிகின்றன என்று வாசகர் எழுதும் புகார் புரிந்தே இராது.

எக்ஸ்ப்ளோரருக்கான ஆதரவு 2022 ஜூன் 15 அன்று பெரும்பாலும் முடிவுற்றது. குரோமும் ஃபயர்பாக்ஸும் சில வாரங்களுக்கு ஒருமுறை தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்வதால், பழைய பதிப்பைக் கட்டிக்காப்பதே இன்று தனிவேலை. பிளேரைட் போன்ற சோதனைக் கருவிகள் குரோமியம், ஃபயர்பாக்ஸ், வெப்கிட் ஆகிய மூன்று பொறிகளையும் தனி ஃபோல்டர்களில் இறக்கி ஒரே கணினியில் ஓட்டுகின்றன. 2003-இல் ஏங்கியவர்களுக்கு இது கனவுக்கு நிகர்.

ஆனால் பழைய முடிச்சு ஐபோனில் மறுபடியும் போடப்பட்டிருக்கிறது. அதன் சஃபாரி உலாவி இயங்குதளத்தோடு மட்டுமே புதுப்பிக்கப்படுகிறது. ஐபோன் 6-க்கு ஐஓஎஸ் 12-க்கு மேல் கிடையாது என்பதால், அதை வைத்திருப்பவரின் உலாவியும் அங்கேயே நின்றுவிட்டது. வரிசைப் பெட்டிகளுக்கு இடையே இடைவெளி விடும் கேப் என்ற கட்டளை, ஃபிளெக்ஸ் என்னும் அடுக்குமுறையில் சஃபாரிக்கு 2021-இல் வந்த 14.1-ஆம் பதிப்பில்தான் கிடைத்தது. எனவே ஐபோன் 6-இல் அந்தப் பெட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும். ‘கேப் உனக்குத் தெரியுமா’ என்று சப்போர்ட்ஸ் என்ற வினாக் கட்டளையால் அந்த உலாவியைக் கேட்டாலும், கிரிட் என்னும் வேறோர் அடுக்குமுறையில் அதற்குக் கேப் தெரியும் என்பதால், ‘தெரியும்’ என்றே அது விடை தரும். சஃபாரியின் பொறியான வெப்கிட் பிளேரைட்டில் புதியதாக இருப்பதால் அங்கே இக்குறை தென்படாது. அத்தகைய வாசகர்களையும் கருதுபவர்கள் கேப்புக்குப் பதிலாக வெளியிடைவெளியான மார்ஜினை எழுதிவிட்டு, மும்பையில் 2011-இல் தொடங்கிய பிரவுசர்ஸ்டேக் போன்ற நிறுவனங்கள் வாடகைக்குத் தரும் உண்மையான கருவிகளிலோ, விற்காமல் வைத்திருக்கும் ஒரு பழைய கைப்பேசியிலோ பக்கத்தைத் திறந்து சரிபார்க்கிறார்கள்.